மலையேறிய கணக்கும் வர்க்கிக் கணக்கும்

குன்னூருக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையை நிறுப்பதற்கென்று எங்கள் முற்றத்தில் ஒரு மேடைத் தராசு உண்டு. சென்ற ஆண்டு ஜனவரியில், பனியால் கொழுந்து வரத்துக் குறைந்திருந்த ஒரு பிற்பகலில், யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து அந்தத் தராசில் ஏறி நின்றேன். 82 கிலோ காட்டியது. என் உயரம் 168 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 29 வருகிறது. இந்தியர்களுக்கு அந்த எண் 23ஐத் தாண்டினாலே எடை மிகுதி என்றும், 25ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். அதற்கு முந்தைய வாரம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி 6.1 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. எனக்கு வயது அப்போது 49.

இந்த எண்களைவிட என்னை அதிகம் துன்புறுத்தியது வேறொரு கேள்வி. நான் சோம்பேறி அல்லன். வீடு மேல் குன்னூரில், பெட்ஃபோர்டைத் தாண்டி மேலே ஏறும் சந்தில் இருக்கிறது. மாலையில் தொழிற்சாலை வண்டி கீழே பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். சந்தைக்குள் புகுந்து காய்கறி வாங்கிக்கொண்டு, பையுடன் வீடுவரை நடந்தே ஏறுவேன். காலையில் அதே வழியாக நடந்தே இறங்குவேன். சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் இந்த ஏற்றத்தில் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்குவார்கள். "மலையில இருக்கிறவங்களுக்கு உடம்பு எங்கே போடப்போகுது, மாமா?" என்று கோயம்புத்தூரிலிருந்து வந்த என் தங்கை மகன் கேட்டதுண்டு. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ரயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஏற்றம் என்றாலே பெரும் உழைப்பு என்ற எண்ணம் இயல்பாகவே படிந்துவிடுகிறது.

தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஏற்றத்தின் உண்மையான மதிப்பு என்ன என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்கும் என் வீட்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 100 மீட்டர் என்று கைபேசி காட்டுகிறது. 82 கிலோ எடையை 100 மீட்டர் தூக்குவதற்குத் தேவையான வேலை வெறும் 19 கலோரிதான். (ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் அளவையே உணவுக் கணக்கில் கலோரி என்கிறோம்.) நம் தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டுமே வேலையாக மாற்றுகின்றன, மற்றது வெப்பமாகப் போகிறது. பாதி ஏற்றத்தில் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருப்பது அதனால்தான். ஆகவே ஏற்றத்துக்கு 77 கலோரி. ஒன்றரைக் கிலோமீட்டர் நடைக்கு இன்னும் ஓர் அறுபது. காலையில் இறங்குவதற்கு, ஏறுவதைவிட மிகக் குறைவாக, ஐம்பது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். எல்லாம் சேர்ந்து இருநூறைத் தொடவில்லை.

இனி மறுபக்கம். ஏறி முடிக்கும் இடத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. மூச்சு வாங்கியபடி அங்கே நின்று, இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட டீ ஒன்றும் வர்க்கி இரண்டும் சாப்பிடுவது பல வருடப் பழக்கம். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் அலுவலகத்தில் அதைக் கொண்டாடி ஒரு பொட்டலம் பிரித்தோம். அதன் அடுக்கடுக்கான மொறுமொறுப்பைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்த அடுக்குகளைப் பிரித்து வைப்பது கொழுப்பு. மைதாவும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரி தரும்போது கொழுப்பு 9 தருகிறது. நான் வாங்கும் வர்க்கியை நகைக்கடைத் தராசு போன்ற சிறிய சமையலறைத் தராசில் வைத்தபோது ஒன்று 25 கிராம் இருந்தது; மாவு, கொழுப்பு, சர்க்கரை விகிதத்தை வைத்து மதிப்பிட்டால் ஒன்றுக்குச் சுமார் 120 கலோரி. இரண்டு வர்க்கியும் டீயும் சேர்ந்து முந்நூற்றுக்கு மேல். நாள் முழுதும் இறங்கி ஏறியதற்கு இருநூறு. அந்த ஏற்றத்தைக் கொண்டாடியதற்கு முந்நூறு. இருபது வருடமாக இந்தக் கணக்கில் கையொப்பமிட்டவன் நான்.

இதை உணர்ந்த பிறகும் முதலில் தவறான பக்கத்தையே திருத்தப் பார்த்தேன். நடையைக் கூட்டினால் போதும் என்று எண்ணி, விடியற்காலையில் சிம்ஸ் பூங்காவைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்கத் தொடங்கினேன். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம் ஒவ்வொரு நாளும் 400, 450 என்று கலோரியைக் காட்டி ஊக்கப்படுத்தியது. இத்தகைய கடிகாரங்கள் இதயத் துடிப்பை ஓரளவு நன்றாக எண்ணினாலும், கலோரியைக் கணிப்பதில் பெரிதும் தவறுகின்றன என்று பின்னர்தான் படித்தேன். அதைவிட முக்கியமான இன்னொன்றை நானே கண்டேன். காலையில் நடந்த நாள்களில் தொழிற்சாலையில் நாற்காலியை விட்டு எழுவது குறைந்தது. முன்பு நானே போய் எடுத்துவரும் பேரேட்டைப் பையனை அனுப்பி எடுத்துவரச் செய்தேன். இரவு உணவில் ஒரு தோசை கூடியது. "இன்று நடந்துவிட்டோமே" என்ற எண்ணமே அந்தத் தோசையைப் பரிமாறியது. மூன்று மாத முடிவில் 700 கிராம்தான் குறைந்திருந்தது.

அப்போதுதான் அம்மாவின் தட்டைப் பற்றி யோசித்தேன். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். காலை ஏழரைக்கு மலைச்சரிவில் ஏறினால், முதுகில் கூடையுடன் நாள் முழுதும் நின்று, நகர்ந்து, குனிந்து, மூட்டையைச் சுமந்து எடைபோடும் இடத்துக்கு நடந்து, மாலையில்தான் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குத் திரும்புவார். அவர் சாப்பிட்ட சோற்றின் அளவைப் பார்த்தால் இன்றைய உணவு ஆலோசகர்கள் திகைத்துப்போவார்கள். அவர் உடம்பிலோ ஒரு பிடிச் சதை கூடுதலாக இருந்ததில்லை. எங்கள் வீட்டுத் தட்டின் அளவு, கரண்டியின் அளவு, "போதும்" என்று சொல்லத் தோன்றும் இடம் எல்லாமே அந்த உழைப்பிலிருந்து வந்தவை. எனக்கு வாய்த்தது மின்விசிறிகூடத் தேவைப்படாத குளிர்ந்த அறையில் ஒரு நாற்காலி. உழைப்பு மாறியது, தட்டு மாறவில்லை.

இதற்கும் ஓர் எண் உண்டு. உடல் சும்மா படுத்திருந்தாலே செலவழிக்கும் ஆற்றலைக் கணிக்க, 1990இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். ஆண்களுக்கு, எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, ஐந்தைக் கூட்ட வேண்டும். பெண்களுக்கு அந்தக் கடைசி ஐந்தைக் கூட்டுவதற்குப் பதில் 161ஐக் கழிக்க வேண்டும். எனக்கு 1,630 வந்தது. உட்கார்ந்து வேலை செய்து கொஞ்சம் நடப்பவருக்கு இதை 1.4ஆல் பெருக்கினால் சுமார் 2,280. இதே உடம்பு கடும் உடலுழைப்பில் இருந்தால் இரண்டால் பெருக்கி, 3,260. இடையிலுள்ள ஆயிரம் கலோரியை மாலை நடையால் நிரப்பிவிடலாம் என்பதுதான் என் நெடுநாள் மயக்கம். பெருக்க வேண்டிய எண் முழு நாளின் உழைப்பைப் பொறுத்தது. முக்கால் மணி நேரம் அதைச் சிறிதளவே அசைக்கும்.

கலோரி அட்டவணைகளைத் தேடிப் படித்தபோது ஒரு வேடிக்கை தெரியவந்தது. சிம்ஸ் பூங்காவை ஒட்டி, நான் தினமும் கடந்துபோகும் பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டது. வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தோடு சேர்த்துத்தான் அதை எங்கள் ஊரில் எல்லோரும் நினைவுகூர்வார்கள். அங்கே 1918இல், ஓர் ஒற்றை அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். நன்றாகத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்கு வரும் நோய் அது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டவரும் அவரே. கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவில் எலிகள் செழித்தன, சோற்றையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவில் தேய்ந்தன. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு, இந்திய உணவுப்பொருள்களின் சத்து அட்டவணையை 1937இல் இங்கிருந்தே வெளியிட்டார். அந்த ஆய்வகம்தான் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. நாடு முழுவதும் இட்லிக்கும் சோற்றுக்கும் கணக்குப் பார்க்கும் வழக்கத்தின் வேர் நான் டீ குடிக்கும் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது. நானோ கைபேசிச் செயலியில் வெளிநாட்டு ரொட்டித்துண்டுகளின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு மே மாதத்திலிருந்து சமையலறைப் பக்கம் திரும்பினேன். முதலில் டீ. தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பேன். ஒவ்வொன்றிலும் பத்துக் கிராம் சர்க்கரை என்றால் 60 கிராம், 240 கலோரி. நாள் முழுதும் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். என் டீக்குவளையே அதைத் தாண்டியிருந்தது. பாலும் சர்க்கரையும் சேராத தேநீரில் கலோரி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பதைத் தேயிலையிலேயே பிழைப்பு நடத்துகிற நான் ஒருபோதும் பயன்படுத்திக்கொண்டதில்லை. எங்கள் தொழிற்சாலையில் தேநீரைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர் நாளெல்லாம் சர்க்கரை இல்லாமல்தான் உறிஞ்சித் துப்புகிறார். இப்போது இரண்டு டீ பாலுடன், அரைக் கரண்டிச் சர்க்கரையுடன். மற்றவை பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் கட்டன். முதல் பத்து நாள் கசந்தது. அதன் பிறகு கொழுந்தின் மணம் தெரியத் தொடங்கியது, குறிப்பாகப் பனிக்காலத்துத் தேயிலையில்.

அடுத்தது எண்ணெய். இதை யாரும் கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது. மாதக் கணக்குதான் உண்மையைச் சொல்லும். நான்கு பேர் உள்ள எங்கள் வீட்டில் மாதம் நான்கு லிட்டர் வாங்கினோம். ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம். பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கிராம், 270 கலோரிக்கு மேல். மனைவியிடம் பேசியபோது, "நீங்க உடம்பைக் குறைக்கிறதுக்கு நான் ஏன் தாளிக்காம சமைக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாளிப்பை விடவில்லை, எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராகச் சாய்ப்பதை விட்டுவிட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றினோம், உருளைக்கிழங்கைப் பொரிப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினோம். இரண்டே மாதத்தில் மாத வாங்கல் இரண்டரை லிட்டருக்கு வந்தது. ஆளுக்கு நூறு கலோரி மிச்சம், யாரும் பசியோடு எழாமல். என் ஏற்றத்தின் பலன் அதைவிட 23 கலோரி குறைவு!

சோற்றைக் குறைக்காமல் இது முடியாது என்பதையும் மறைக்கப் போவதில்லை. வெந்த சோறு நூறு கிராமுக்கு 130 கலோரி. அதுவே முட்டைக்கோஸ் என்றால் 25க்குள், கேரட் என்றால் 40ஐ ஒட்டி. கோத்தகிரி, கேத்திப் பக்கத்திலிருந்து மண் காயாமல் வரும் காய்கறி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு, அதைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைத்துவிட்டுச் சோற்றால் தட்டை நிரப்பியது அறியாமை என்றே இன்று தோன்றுகிறது. தட்டில் பாதியைப் பொரியலுக்குக் கொடுத்தேன். பச்சைப் பட்டாணி, அவரை, முட்டை, சுண்டல் இவற்றுள் ஒன்று இரு வேளையும் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். புரதம் நெடுநேரம் பசி தாங்கும். அதைச் செரிக்கவே உடல் அதிலுள்ள ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று மேலோ செலவழிக்கும். எடை குறையும்போது தசை கரைவதையும் ஓரளவு தடுக்கும். மொத்தத்தில் நாளொன்றுக்கு 1,800 கலோரியை இலக்காக வைத்தேன். (நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இப்படிக் குறைக்கக் கூடாது, சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும்.)

ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு. நாளைக்கு 480 குறைத்தால் பதினாறு நாளில் ஒரு கிலோ. ஆனால் முதல் இரண்டு வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்து, நான் துள்ளிக் குதித்தேன். பிறகு நான்கு வாரம் முள் அசையாமல் நின்று, சோர்ந்துபோனேன். இரண்டுமே தண்ணீரின் வேலை. உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவு குறைந்தவுடன் முதலில் அதுதான் வெளியேறும். இதை யாரும் எனக்கு விளக்கியிருக்க வேண்டியதில்லை. மழை நாளில் நனைந்து வரும் கொழுந்துக்கு ஈரத்தின் எடையைக் கழித்தே பற்று எழுதுகிறோம். கழிக்காமல் எழுதினால் வாட்டும் தொட்டியில் மாயமாகிவிடும் எடைக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தொழிலில் ஒருநாளும் செய்யாத பிழையை என் உடம்பில் தினமும் செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் நிறுத்து எழுதி, ஏழு நாளின் சராசரியை மட்டும் முந்தைய வாரத்துடன் ஒப்பிடுகிறேன். முதல் நாள் இரவு ஊறுகாய் கூடுதலாகச் சாப்பிட்டிருந்தால் மறுநாள் எண்ணைப் பார்த்துக் கலங்குவதில்லை.

நடையை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. அதன் இடத்தை மாற்றினேன். அதைச் சாப்பாட்டுக்கான வரவாக எழுதுவதில்லை. நடந்த நாளுக்கென்று தனியாக ஒரு தோசை கிடையாது. இறக்கத்தில் முழங்கால் வலிக்கத் தொடங்கியதால் காலையில் பேருந்திலோ பகிர்வு ஜீப்பிலோ இறங்கிவிடுகிறேன். ஏறுவது மட்டும் காலால். ஊர்க்காரர்கள் இதைத் தலைகீழ் என்று சிரிக்கிறார்கள், ஆற்றல் செலவாவது ஏற்றத்தில்தான் என்பதால் எனக்கு அது பொருட்டல்ல. தொழிற்சாலையில் மணிக்கு ஒருமுறை எழுந்து, பேரேட்டை நானே எடுக்கப் போகிறேன். அந்தச் சிறு அசைவுகள் நாள் முழுதும் சேர்ந்து காலை நடைக்குச் சமமாகின்றன என்பது என் அனுபவம்.

அக்டோபரில் இந்த ஏற்பாடு உடைந்தது. வடகிழக்குப் பருவமழை குன்னூரைப் பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் விடாது. மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும். எங்கள் சந்தில் காட்டெருமைகள் வந்து நிற்கும், அவற்றைக் கடந்து ஏறுவது வீரமல்ல, மடமை. மூன்று வாரம் வீட்டு வாசல்வரை ஜீப்பில் வந்தேன். வெளியே குளிர், உள்ளே மிளகாய் பஜ்ஜி. குளிரில் உடல் தானாகவே கலோரியை எரிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டேன். நடுங்கினால் எரியும் என்பது உண்மைதான், கம்பளியும் குல்லாவும் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பவனுக்கு நடுக்கம் ஏது? வாரச் சராசரி ஒன்றரைக் கிலோ ஏறியது. அதை இறக்க ஜனவரிவரை ஆயிற்று. இந்த ஆண்டு மழைக்கு முன்பே, வீட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்கவும் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தெழவும் பழகிக்கொண்டு வருகிறேன்.

இன்று 75 கிலோ. சர்க்கரைச் சராசரி 5.6. எதிர்பாராத ஒரு சிக்கலும் கூடவே வந்திருக்கிறது: எடை குறையக் குறையச் செலவும் குறைகிறது. அதே சூத்திரத்தில் இப்போது என் நாளின் செலவு முன்பைவிட நூறு கலோரி குறைவு. உடல் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சிக்கனம் பிடிப்பதாகவும் தெரிகிறது. நூறு மீட்டர் ஏற்றத்துக்கு 77 கலோரி கேட்ட உடம்பு இன்று 70ஓடு முடித்துக்கொள்கிறது. ஆகவே தொடங்கியபோது எழுதிய 1,800 இன்று அவ்வளவாகக் குறைக்கவில்லை. இன்னும் நான்கு கிலோ இறக்க ஆசை இருக்கிறது என்றாலும், அதற்காகத் தட்டை மேலும் சுருக்குவதா, இங்கேயே சிறிது காலம் நிலைத்திருப்பதா என்று யோசித்து, இரண்டாவதைத் தேர்ந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. பழைய குழிக்கரண்டிக்குப் பதில் நான் வாங்கி வைத்த சிறிய கரண்டியை அவர் விளையாட்டுச் சாமான் என்கிறார். இரவில் நான் கையை மறைப்பதற்குள், "மேடேறி வந்திருக்க, சாப்புடுப்பா" என்று இன்னும் அரைக் கரண்டிச் சோற்றைப் போட்டுவிடுகிறார். அந்த அரைக் கரண்டி நாற்பது கிராம், ஐம்பத்திரண்டு கலோரி. நோட்டில் அதற்குத் தனியாக ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன்.